தனியாக வந்த சக்கரம்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் தன் காருக்கு அகலமான டயர் மாட்டிய நாளிலிருந்து, வளைவில் திரும்பும்போதெல்லாம் அது உள்பக்கம் உரசிச் சர்ரென்று கத்தியது. அதை நிறுத்த அவரே உதிரிபாகக் கடையில் ஸ்பேசர் வாங்கிப் பட்டறைக்குக் கொண்டு போனார். சக்கரத்துக்குப் பின்னால் வைத்து, அதைச் சற்று வெளியே தள்ளி நிறுத்தும் தடித்த உலோக வட்டு அது.

"சார், இது தடிமனா இருக்கு. பழைய போல்ட்டுல நட்டு நுனியிலதான் பிடிக்கும். நீளமான போல்ட்டு நாளைக்கு வந்துடும்," என்றார் மெக்கானிக்.

"அட, இருக்கறத வச்சு இறுக்கி விடுப்பா. நான் கடை திறக்கணும்."

அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு. வாடிக்கையை விட மனமில்லாத மெக்கானிக்கும் இறுக்கிவிட்டு, "கொஞ்சம் ஓட்டிட்டு வாங்க, நட்டை மறுபடி பார்க்கணும்," என்றார். இவர் தலையை ஆட்டியதோடு சரி. உரசல்தான் நின்றுவிட்டதே, பிறகு யார் போவார்கள்?

அடுத்த வாரம் ஒரு காலை. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத பனி. மகளைப் பள்ளிப் பேருந்து நிறுத்தத்தில் விடப் போய்க்கொண்டிருந்தார்.

"அப்பா, கீழேருந்து யாரோ தட்டுறாங்க."

"ரோடு சரியில்ல கண்ணு," என்று பாட்டைச் சத்தமாக வைத்தார். தட்டல் நிற்கவில்லை.

மகளை நிறுத்தத்தில் இறக்கிவிட்டு, அதற்கு மேலே இருந்த மேட்டில் ஏறிக் காரைத் திருப்பிக்கொண்டு சரிவில் வந்தார். அப்போது அவருக்குப் பக்கவாட்டில் ஒரு சக்கரம் ஓசையில்லாமல் காரை முந்திக்கொண்டு பனிக்குள் போயிற்று. யாருடைய சக்கரம் என்று யோசிக்கும்போதே கார் ஒரு பக்கம் சாய்ந்து, தரையைக் கீறிக்கொண்டு நின்றது. கீழே எங்கோ மரம் முறியும் சத்தம். பிறகு ஒன்றுமே கேட்கவில்லை.

"கண்ணு!"

காரை விட்டு இறங்கி நிறுத்தத்தை நோக்கி ஓடினார். அங்கே மரப் பெஞ்சு இரண்டாகப் பிளந்து கிடந்தது. சக்கரத்துக்கு அடியில் மகளின் பை. மகளைக் காணவில்லை. பின்னாலிருந்து ஒரு சில்லிட்ட கை அவர் முழங்கையைப் பிடித்தது.

"உங்க கார் சத்தம் கேட்டுச்சுப்பா. கையாட்டலாம்னு எழுந்து ஓரமா போனேன். இந்தச் சக்கரம் நான் உக்காந்திருந்த இடத்துக்கே நேரா வந்துச்சு. அத உருட்டிட்டு வர ஆளே இல்ல."

அவளைக் கட்டிக்கொண்டு அவர் நடுரோட்டில் உட்கார்ந்து அழுதார்.

சேதி கேட்டு ஓடிவந்த மெக்கானிக், "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு சார்," என்றார்.

"அப்படிச் சொல்லித் தேத்திக்காதய்யா. சத்தம் நின்னா கோளாறு தீர்ந்துச்சுன்னு இல்ல. பொருத்தமான ஸ்பேசர் வேணும், அதுக்கேத்த போல்ட்டு வேணும், ஓட்டின பிறகு மறுபடி இறுக்கணும். எது இல்லேன்னாலும் வண்டிய வெளியே எடுக்கக் கூடாது. அவசரம்னு நான் கேட்டேன், நீயும் செஞ்சு குடுத்த. ரோட்டுல நிக்கிற பிள்ளைய நம்ம ரெண்டு பேர்ல யாருய்யா நெனச்சோம்?"