பச்சை டேப் ஒட்டிய சோற்று டப்பா

ஒலி அமைப்பாளருக்குக் குழுவில் வைத்த பெயர் டேப்பு. கண்ணில் பட்ட பொருளில் எல்லாம் வண்ண டேப் ஒட்டாவிட்டால் மனிதருக்குத் தூக்கம் வராது. சிவப்பு என்றால் மின்சாரம், கை வைக்காதே. மஞ்சள் என்றால் டிரம்ஸ்காரருக்கு. பச்சை என்றால் பாடகியம்மா பக்கத்தில் கொண்டுபோய் வை. இந்த வியாதி அவர் வீட்டுச் சமையலறைக்கும் தொற்றியிருந்தது. அங்கே சிவப்பு ஒட்டிய டப்பா மனைவிக்கு ஆகாதது, பச்சை ஒட்டியது தாராளமாகச் சாப்பிடலாம்.

ஆகாதவை அவளுக்குக் கொஞ்சநஞ்சமல்ல. கோதுமை வயிற்றைப் புரட்டும், பால் ஓடவிடும், வேர்க்கடலை உடம்பெல்லாம் தடிக்க வைக்கும். இவற்றையெல்லாம் தூக்கிச் சாப்பிடும் இன்னொரு கோளாறும் உண்டு, கூச்சம். “இதுல பால் இருக்கா?” என்று பரிமாறுகிறவரிடம் கேட்பதைவிடப் பட்டினி கிடப்பது அவளுக்குச் சுலபம். போன வருட இசை விழாவில் அப்படிக் கேட்காமல் ஒரு கட்லெட்டைத் தின்றுவிட்டு, மொத்தக் கச்சேரியையும் கழிப்பறைக் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டாள்.

இந்த வருடம் விழா இரண்டு நாள். டேப்பு அவளைக் கெஞ்சிக் கூத்தாடி அழைத்து வந்திருந்தார். “சாப்பாடு என் பொறுப்பு. நீ பாட்டை மட்டும் கேளு.”

“சரி, வரேன். ஆனா இந்தத் தடவையும் சொதப்புச்சுன்னா சாயங்கால பஸ்ல கிளம்பிடுவேன். அப்புறம் ஜென்மத்துக்கும் விழா, கிழான்னு என்னைக் கூப்பிடக் கூடாது.”

காலையில் அவரே சமைத்தார். சோறு, உருளைக்கிழங்கு வறுவல், அவித்த முட்டை. வெளிச் சாப்பாட்டை வாசலில் பிடுங்கிவிடுவார்கள் என்பதால் டப்பாவை ஒயர் பெட்டிக்குள் ஒளித்து எடுத்துவந்தார். மூடி கழன்றுவிடக் கூடாதே என்று பையிலிருந்த டேப்பால் ஒரு சுற்றும் சுற்றினார். மனைவிக்கான சாப்பாடு, கை தானாகப் பச்சையைத்தான் எடுத்தது.

மதியம் அவள் பசியோடு, கூட்டத்துக்கு நடுவே அவர் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் மேசைக்கு வந்தபோது ஒயர் பெட்டியில் ஒயர் மட்டுமே இருந்தது. டேப்புவுக்கு வியர்த்துவிட்டது. “இரு, ஒரு நிமிஷம்” என்று கடைகளை நோக்கி ஓடினார்.

“தம்பி, இதுல கோதுமை இருக்கா?”

பர்கர்காரர் காதைப் பொத்திக்கொண்டார். “சேச்சே! கோதுமை வாசனையே கிடையாது சார். வெறும் மைதாதான்.”

“பால்?”

“பாலா? ஒரு சொட்டு கிடையாது. வெண்ணெய் மட்டும்தான்.”

வெறுங்கையோடு திரும்பியவரைப் பார்த்ததும் அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அதற்குள் நிகழ்ச்சி தொடங்கிவிட்டதால் நாற்காலியை விட்டு அசையவும் வழியில்லை. மேடையைப் பார்த்தார். பாடகியம்மாவின் குட்டி மேசையில், தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில், பச்சை டேப் சுற்றிய டப்பா ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. அவருடைய ஆட்கள் அவர் சொல்லிக்கொடுத்தபடியே அச்சுப் பிசகாமல் வேலை செய்திருந்தார்கள்!

கிதார்காரர் வாசித்துக்கொண்டிருந்த இடைவெளியில் பாடகியம்மா டப்பாவை எடுத்தார். முகர்ந்து பார்த்தார். டேப்பின் நுனியை நகத்தால் கிளப்பினார்.

மிக்சர் மேசையில் ஒரு மைக் உண்டு. அதில் பேசினால் பாடுகிறவர் காதில் மாட்டிய கருவியில் மட்டும் கேட்கும். தீ விபத்து போன்ற ஆபத்துக்கு மட்டுமே அதைத் தொட வேண்டும் என்று சட்டம் போட்டவரே டேப்புதான்.

“மேடம், திறக்காதீங்க! அது என் வீட்டம்மா சோறு! அவளுக்குக் கோதுமை ஆகாது, பால் ஆகாது, கடலை ஆகாது, வேற வழியில்ல மேடம்!”

பாடகியம்மா துள்ளிப்போனார். பாட்டு நின்றது. மைதானமே விழித்தது.

“காதுக்குள்ள ஒருத்தர் சோறு சோறுன்னு அலறுறார்” என்றார் மைக்கில். “யாருக்கோ கோதுமை ஆகாதாம், பால் ஆகாதாம், கடலை ஆகாதாம். அந்த மகராசி எங்கம்மா இருக்கீங்க?”

டேப்புவுக்கு மேசைக்கடியில் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது. பரிமாறுகிற ஒருவரிடம் சொல்லக் கூசுகிறவளின் வயிற்று ரகசியத்தை ஊருக்கே தண்டோரா போட்டாயிற்று. இனி விழாவும் இல்லை, அநேகமாக ராத்திரிச் சாப்பாடும் இல்லை. பயந்து பயந்து அவள் பக்கம் திரும்பினார்.

பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். பதினொன்றாவதாகக் கூச்சமும் பறந்துவிட்டது. அவள் நாற்காலி மேலேயே ஏறி நின்றிருந்தாள்.

“அது என்னுது! இங்க அனுப்புங்க!”

டப்பா மேடையிலிருந்து இறங்கி, தலைகளுக்கு மேலே கைமாறிக் கைமாறி வந்தது. ஒரு ஆள் மூடியில் கை வைத்தார்.

“யோவ், தொறக்காதே! வேணும்னா மோந்து பாத்துட்டுக் குடு!”

அது தன் மனைவியின் குரல்தானா என்று டேப்புவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. டப்பா வந்து சேர்ந்தது. கூட்டம் கைதட்டியது. அவள் முதல் கவளத்தை வாயில் வைப்பதற்குள், பக்கத்து வரிசைப் பெண் ஒருத்தி நெளிந்துகொண்டே வந்து நின்றாள்.

“அக்கா, எனக்கும் கோதுமை ஆகாது. கேக்கக் கூச்சமா இருக்கு. காலைலேருந்து வெறும் தண்ணிதான்.”

அவள் அந்தப் பெண்ணை ஒரு கணம் பார்த்தாள். பிறகு பையைத் தோளிலிருந்து கழற்றித் தரையில் வைத்து, பக்கத்து நாற்காலியைத் தட்டினாள். “உக்காரு. கூச்சப்பட்டா வயிறு நிறையுமா?”

பாதிச் சோறும் முட்டையும் அந்தப் பக்கம் போயின. பாட்டு மறுபடி தொடங்கியது. டேப்பு பஸ் நேரத்தை நினைத்துக்கொண்டு, இரண்டு முறை தைரியத்தைத் திரட்டி, கடைசியில் கேட்டேவிட்டார். “பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டு விடவா?”

அவள் விரலை வழித்துக்கொண்டே மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

“பேசாம பாட்டைக் கேளுங்க. நாளைக்குப் பெரிய டப்பாவா எடுத்துட்டு வாங்க.”