வாழைமரம் வெட்டுப்பட்ட உயரம்

வேர்க்கடலை பிடுங்கி முடித்த கொல்லையின் நடுவில், முழங்கால் உயரத்தில், அந்தக் குட்டி ஹெலிகாப்டர் நின்றுகொண்டிருந்தது. பறந்தது என்று சொல்ல முடியாது. குடிகாரன் தெருவில் நிற்பது போல ஒரு பக்கம் சாய்வதும் நிமிர்வதுமாக இருந்தது. சற்றுத் தள்ளி, கழுத்தில் தொங்கிய ரிமோட் பெட்டியின் இரண்டு குச்சிகளையும் விரல் நுனியால் பிடித்தபடி ஆனந்தன் மூச்சை அடக்கி நின்றான். அரக்கோணம் ரயில்வே பட்டறையில் ராத்திரி ஷிப்டு முடித்து, விடிகாலை வண்டியில் திருத்தணிக்கு வந்து, வீட்டுக்குப் போகாமல் நேரே இங்கே வந்திருந்தான். மலைக்காற்று எழுவதற்கு முன்னால் விட்டால்தான் உண்டு.

"மூணு மாசமா ஒரே எடத்துல நின்னுகினு கீது," என்றாள் கொல்லைக்காரி கன்னியம்மாள், ஆட்டை மடக்கியபடி. "என் ஆடு இதுக்குள்ள மலைய நாலு சுத்து சுத்தினு வந்திருக்கும்."

"நிக்க வைக்கறதுதாங்க கஷ்டம்."

"நிக்கறதுக்கு ரெக்க எதுக்கு?"

ஆனந்தன் சிரித்தான். கை ஆடியது. ஹெலிகாப்டரும் ஆடிவிட்டு மண்ணில் குந்தியது.

மஸ்கட்டில் நாலு வருடம் இருந்தபோது, ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்கார சூப்பர்வைசர் அவனிடம் விட்டுவிட்டுப் போன பொருள் அது. எண்பத்து மூன்றாம் வருடத்தில் அப்படி ஒன்றை இந்தப் பக்கம் யாரும் பார்த்ததில்லை. சொல்லிக்கொடுக்க ஆளும் இல்லை. கவிழாமல் இருக்க அடியில் இரண்டு மூங்கில் குச்சிகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, நுனிகளில் பிளாஸ்டிக் பந்துகளைச் செருகியிருந்தான். வால் தன் பக்கம் இருக்கும்வரை அவனுக்குக் கை ஓடும். மூக்கு தன் பக்கம் திரும்பிவிட்டால் எல்லாம் தலைகீழ். அதன் இடது அவனுக்கு வலது. புத்திக்கு இது தெரியும், விரலுக்கு இன்னும் தெரியாது.

அவன் மனைவியின் அண்ணன் வரதராஜன் புல்லட்டை வரப்போரம் நிறுத்திவிட்டு இறங்கினார். ரோடு காண்ட்ராக்டர். ஆனந்தன் குடியிருந்தது அவர் வீட்டின் பின்கட்டில். பட்டறை வேலையும் அவர் சொல்லிக் கிடைத்ததுதான்.

"மாப்ள, வர்ற புதன்கெழம மந்திரி வர்றாரு. தண்ணித் தொட்டி தெறப்பு. இது மேடைக்கு மேல வந்து அவரு தலைல பூ கொட்டணும். சொல்டேன்."

"யார்கிட்ட பாவா?"

"எல்லார்கிட்டயும்."

"பாவா, இது இன்னும் முழங்கால தாண்டல."

"அதான் ஏறுதே. இன்னும் கொஞ்சம் தூக்கு." எரிபொருள் டின்னைத் திறந்து முகர்ந்து பார்த்தார். "இத குடிச்சா ஏறுமா?"

"கண்ணு போய்டும்."

"அப்ப நம்ம ஊரு சரக்குதான்," என்று சிரித்துவிட்டு வண்டியை உதைத்தார்.

நம் பெரிய மனிதர்கள் யாரையும் கேட்பதில்லை. ஊரெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியாகத்தான் செய்ய வேண்டியவனிடம் வருகிறார்கள். அப்போது அவன் 'முடியாது' என்றால் திமிர் பிடித்தவன். ஆனந்தன் அந்தச் சொல்லை எச்சிலோடு விழுங்கினான். வீட்டை நினைத்து விழுங்கினான் என்று சொல்லலாம். அவர் முகத்துக்கு நேரே சொல்லப் பழக்கமில்லை என்பதுதான் நிஜம்.

புதன்கிழமை பங்குனி வெயில் காலையிலேயே ஏறிவிட்டது. புதிய தொட்டியின் எதிரே மைதானத்தில் தென்னங்கீற்றுப் பந்தல், அதற்குள் நாற்காலிகள், மின்விசிறிகள். நாற்காலிகளில் ஒரு ஆள் கிடையாது. வெளியே, மேடைக்குப் போகும் பாதையின் இரண்டு பக்கமும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையில் காகிதக் கொடியோடு நின்றார்கள். விடிந்து கொஞ்ச நேரத்தில் கொண்டுவந்து நிறுத்தியவர்கள். பாதிப் பேருக்குக் காலில் செருப்பில்லை. ஒரு காலை மாற்றி ஒரு காலை ஊன்றிக்கொண்டிருந்தார்கள். திறக்கப்போவது தண்ணீர்த் தொட்டி. அங்கே குடிக்க ஒரு சொம்புத் தண்ணீர் இல்லை. நாலாம் வகுப்பின் முன்வரிசையில் ஆனந்தனின் மகள் அம்சா நின்றாள்.

"அந்த மூங்கில் குச்சிய கழட்டு மாப்ள. பாடைக்குக் கட்டின மாதிரி கீது."

"அது இல்லன்னா கவுந்துடும் பாவா."

"கவுழாம ஓட்டு."

குச்சிகளைக் கழற்றினான். அடியில் பூப்பெட்டியைக் கட்டினான். மந்திரி வருவதற்குள் ஒரு வெள்ளோட்டம். தொட்டிப் பக்கமிருந்து மேடையை நோக்கி வர வேண்டும் என்று வரதராஜன் சொன்னார். ஆனந்தனை மேடை ஓரத்தில் நிறுத்தினார். அதாவது மூக்கு அவனைப் பார்த்து வரும்.

ஹெலிகாப்டர் பூப்பாரத்தோடு முக்கி முனகி ஆளுயரத்துக்கு எழுந்தது. வேடிக்கை பார்க்க வந்து நின்ற கூட்டம் கைதட்டியது. பாதி தூரம் வந்தபோது மலையிலிருந்து ஒரு காற்று இறங்கியது. அது சாய்ந்தது. ஆனந்தனின் விரல், கொல்லையில் மூன்று மாதம் பழகியபடியே நகர்ந்தது. அது மேலும் சாய்ந்து, தாழ்ந்து, பாதை முகப்பில் அலங்கார வளைவோடு கட்டியிருந்த வாழைமரத்தில் பாய்ந்தது.

சதக் என்று ஒரு சத்தம். குலையோடு மரம் மடங்கி விழுந்தது. ஹெலிகாப்டர் தரையில் உதைத்துக்கொண்டு அடங்கியது. ஒரு இறக்கை முறிந்திருந்தது, அச்சு வளைந்திருந்தது. வாழைச்சாறு முன்வரிசைப் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டையில் தெறித்திருந்தது.

கூட்டத்தில் இன்னும் பலமாகக் கைதட்டினார்கள்.

"கத்தி மாதிரி கீதுபா," என்றான் ஒருவன்.

ஆனந்தன் மரத்தருகே போனான். வெட்டு அவன் விலா உயரத்தில் இருந்தது. பத்தடி தள்ளி நின்ற நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அது கழுத்து உயரம்.

"மாத்து ரெக்க, அச்சு எல்லாம் வெச்சினுகீறல்ல? மாட்டு. மந்திரி வர நேரமாவும்," என்றார் வரதராஜன்.

"பாவா, புள்ளைங்க நிக்குது."

வரதராஜன் அவன் பார்வை போன திசையைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "அம்சாவ பாத்துதான பயப்படற? போ, அவள இட்டுனு போய் பந்தலுக்குள்ள குந்த வை. யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க."

ஆனந்தன் போனான். இதையும் சொல்லிவிட வேண்டும்: அந்த நேரத்தில் அவன் நெஞ்சு லேசாகத்தான் ஆனது. மகளின் கையைப் பிடித்து வரிசையிலிருந்து வெளியே எடுத்து, பந்தலுக்குள் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தான்.

"என்னை மட்டும் ஏன் நைனா இட்டாந்த?" என்றாள் அம்சா.

அவன் திரும்பிப் பார்த்தான். முன்வரிசையில் விழுந்த இடைவெளியை டீச்சர் மணியம்மை கவனித்துவிட்டார். அவருக்கும் மேலே ஆள் இருக்கிறது, வரிசை ஒழுங்காக இருக்க வேண்டும். பின்னால் நின்ற ஒரு பெண்ணின் தோளைத் தொட்டு, "நீ முன்னாடி வா," என்றார். அந்தப் பெண் அம்சா நின்ற அதே இடத்தில் வந்து நின்றாள். முன்வரிசை கிடைத்த சந்தோஷத்தில் கொடியை ஆட்டினாள்.

ஆனந்தன் மேடையில் ஏறி மைக்கைப் பிடித்தான்.

"நான் ஆனந்தன். இந்த ஹெலிகாப்டர் என்னோடதுதான். எனக்கு இத இன்னும் ஓட்டத் தெரியாது. மூணு மாசமா முழங்கால் ஒசரத்துல நிறுத்தி வைக்கக் கத்துக்கினு கீறேன், அவ்ளோதான். இன்னிக்கி இது ஏறாது. டீச்சருங்களே, புள்ளைங்கள பந்தலுக்குள்ள இட்டுனு வாங்க. நாற்காலி சும்மாதான் கீது."

மணியம்மை தலைமையாசிரியரைப் பார்த்தார். அவர் தொட்டியைப் பார்த்தார். மணியம்மை முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வாங்கடி," என்று நடந்தார். அவ்வளவுதான். இரண்டு வரிசையும் உடைந்து, நிழலை நோக்கி ஓடிவந்தது. பெரிய மனிதர்களுக்குப் போட்ட நாற்காலிகளில் இரண்டிரண்டு பிள்ளைகளாக ஏறி உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்து வாயைத் திறந்தார்கள்.

மந்திரியின் கார் பிற்பகலில் வந்தது. கண்ணாடி ஏற்றியிருந்தது. மைதானத்தில் நிற்காமல் நேரே மலைக்கோயில் பாதையில் ஏறிப் போனது. திறப்பு விழாவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று யாரோ வந்து சொல்லிவிட்டுப் போனார். பிள்ளைகள் நின்றிருந்தாலும் அந்தக் கார் இப்படித்தான் போயிருக்கும்.

வரதராஜன் வாழைமரத்தைக் காலால் ஒதுக்கிவிட்டு வந்தார். "உன் பொண்ணுக்குத்தான் நெழல் குடுத்தேனே. அத்தோட வாய மூடிக்கினு இருந்திருக்கலாம்ல? என் மானத்த வாங்கிட்ட. நாளைக்கே வூட்ட காலி பண்ணு."

"பண்றேன் பாவா." ஆனந்தன் முறிந்த இறக்கையைப் பொறுக்கிக்கொண்டான். "தெரியாதத தெரியாதுன்னு அன்னிக்கே உங்ககிட்ட சொல்லியிருக்கணும். சொல்லாதது என் தப்பு. ஆனா ஒண்ணு. பெரியவங்க மனசு குளிரட்டும்னு அடுத்தவன் புள்ளைய வெயில்ல நிறுத்திட்டு, நம்ம புள்ளைய மட்டும் நெழலுக்கு இட்டுனு போறோம் பாருங்க, அதுக்குப் பேரு பாசம் இல்ல. நம்ம புள்ளைய எடுத்த எடத்துல வேற ஒரு புள்ள நிக்குது."