பெயிண்ட் உரியாத டாங்க்

புறப்படும் நேரத்தில்தான் லார்னாவின் கிளட்ச் காலை வாரிவிட்டது. மற்ற வண்டிகளெல்லாம் வாசலில் உறுமிக்கொண்டிருந்தன. அவள் லீவரைப் பிடித்தாள். அது ஒரு எதிர்ப்பும் காட்டாமல் கைப்பிடி வரை போய் அங்கேயே கிடந்தது. லீவரின் அடியில் இருந்த சிலிண்டரிலிருந்து ஒழுகிய ஆயில் கையுறையை நனைத்து, பெட்ரோல் டாங்கின் மேல் கோடாக இறங்கியிருந்தது.

“மாஸ்டர் சிலிண்டர் போச்சு,” என்றான் அவள் கணவன் டெல், வண்டியை விட்டு இறங்காமலே. “ஒரு வாரமா கசியுதுல்ல, அதான் புதுசு வாங்கி வெச்சிருக்கேன். மாட்டிட்டு மத்தியானம் ஆத்தங்கரைக்கு வந்து சேரு. பாதிரியார் காத்திருக்க மாட்டாரு.”

“போ, போ. உன் பாவத்துக்கு அவரு ஒரு டேங்கர் தண்ணி தெளிச்சாலும் பத்தாது.”

மகன் எம்மெட் ஹெல்மெட்டுக்குள் சிரித்தான். “அம்மா, அப்பாவை நான் பாத்துக்கறேன். நீ கையை நசுக்கிக்காம வேலையைப் பாரு.”

இருவரும் கூட்டத்தோடு போனார்கள். மொன்டானாவில் பனி விலகிக் கணவாய்ப் பாதை திறந்ததும் வரும் முதல் சனிக்கிழமை அந்த ஊர் மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு ஆசீர்வாதச் சவாரி. உச்சியில் பர்டியின் காபிக் கடை வாசலில் பாதிரியார் ஒவ்வொரு வண்டிக்கும் தண்ணீர் தெளித்து ஜெபம் செய்வார். அப்புறம் எல்லாரும் அந்தப் பக்கம் ஆற்றங்கரைக்கு இறங்குவார்கள். கொண்டையூசி வளைவுகளாகவே இறங்கும் நீண்ட சரிவு அது. ஜெபம் யாருக்கு எவ்வளவு உதவியதோ, அங்கே எல்லாரும் நம்புவது பிரேக்கைத்தான்.

லார்னா வண்டியைக் கொட்டகைக்குள் தள்ளி, நடு ஸ்டாண்டில் ஏற்றினாள். அவள் வண்டியும் டெல்லின் வண்டியும் ஒரே வயசு, இரண்டுமே எம்மெட்டுக்கு மூத்தவை. ஆனாலும் சிலிண்டர் மாற்றுவது அவளுக்குப் புதிது இல்லை. மூடியைத் திறந்தாள், மிச்சத்தை உறிஞ்சி எடுத்தாள், குழாயைக் கழற்றினாள், பழைய சிலிண்டரை மேஜைக்குக் கொண்டுவந்தாள். புதியதை அப்படியே மாட்டிவிட்டுக் கிளம்பியிருக்கலாம். ஆனால் எதனால் கெட்டது என்று பார்க்காமல் அவளுக்குத் தூக்கம் வராது.

உள்ளே இருந்த பிஸ்டன் வெளியே வர மறுத்தது. கொக்கி போட்டு இழுத்தபோது அதன் ரப்பர் வளையம் பிதுங்கிக்கொண்டு வந்தது. வயசான ரப்பர் வெடிக்கும், சுருங்கும். இது ஊறின பன் மாதிரி உப்பியிருந்தது. அழுத்தினால் கொழகொழத்தது.

லார்னா திரும்பி டாங்கைப் பார்த்தாள். ஒரு வாரமாக ஒழுகியிருக்கிறது. பிரேக் ஆயில் பட்டால் ஒரே நாளில் பெயிண்ட் கொப்பளித்து உரிந்து வந்துவிடும். டெல்லின் முந்தைய வண்டி அப்படித்தான் சொறி பிடித்து நின்றது. இங்கே விரலால் துடைத்தாள். சிவப்பு பளபளவென்று அப்படியே இருந்தது. அவளுக்கு அது பிடிக்கவே இல்லை.

கிளட்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே ஆயில்தான். ஆண்டுதோறும் இந்தச் சவாரிக்கு முன்னால் இரண்டு வண்டிகளிலும் பழையதை வடித்துப் புதியதை ஊற்றுவது டெல்லின் வேலை. போன வாரமும் செய்தான். அவன் ஊற்றிய பாட்டில் அலமாரியில் பாதி காலியாக நின்றது. வெளியே பிரேக் ஆயில் என்றுதான் அச்சடித்திருந்தது. அதற்கு அந்தக் கொட்டகையில் ஒரு மதிப்பும் கிடையாது. டெல் எதையும் தூக்கிப் போட மாட்டான். பழச்சாறு பாட்டிலில் பெட்ரோல் இருக்கும், சிரப் பாட்டிலில் வார்னிஷ் இருக்கும். எழுதி ஒட்டித் தொலையேன் என்று அவள் கத்தாத நாள் இல்லை. “எதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும்” என்பான். அதுவரை தெரிந்துதான் இருந்தது. இந்தக் குளிர்காலத்தில்தான் அவன் வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே தேடினான், ஒரே நாளில் இரண்டு தரம் பால் வாங்கி வந்தான். அவள் கிண்டல் செய்து விட்டுவிட்டாள்.

பிரேக் ஆயில் என்பது பேருக்குத்தான் ஆயில். தண்ணீரில் ஊற்றினால் கலந்து போய்விடும். லார்னா காபிக் கோப்பையில் தண்ணீர் பிடித்து, அந்தப் பாட்டிலிலிருந்து கொஞ்சம் விட்டாள். அது கலக்கவில்லை. மஞ்சள் வட்டமாக மேலே வந்து மிதந்தது. முகர்ந்தாள். விறகு பிளக்கும் எந்திரத்துக்கு ஊற்றுகிற எண்ணெய்.

தன் வண்டியின் முன் பிரேக்கை ஒரு தரம் அழுத்தி விட்டாள். லீவர் சோம்பேறித்தனமாகத் திரும்பியது. முன் சக்கரத்தைத் தூக்கி நிறுத்திக் கையால் சுழற்றப் பார்த்தாள். சுழலவில்லை. இரண்டு கையாலும் தள்ளினாள். அங்கேயும் ரப்பர் உப்பி, பிடித்த பிரேக் பிடித்தபடியே இருந்தது.

டெல்லின் வண்டியிலும் இதே எண்ணெய்தான். பிரேக்கைப் பிடிக்கப் பிடிக்கச் சூடேறும், சூடேற ஏற இன்னும் இறுகும். அப்புறம் ஏதாவது ஒரு வளைவில் சக்கரம் தானாகவே நின்றுவிடும்.

கணவாயில் செல்ஃபோன் எடுக்காது. பர்டியின் கடைச் சுவரில் தொங்கும் ஃபோன் ஒன்றுதான் அங்கே எல்லாருக்கும். விரல்கள் எண்ணெயில் வழுக்கியதில் லார்னா இரண்டு முறை நம்பரைத் தப்பாக அடித்தாள்.

“சொல்லு கண்ணு,” என்றாள் பர்டி. யார் கூப்பிட்டாலும் அவளுக்குக் கண்ணுதான்.

“பர்டி, டெல் இருக்கானா? கிளம்பிட்டானா?”

“இங்கதான் இருக்கான், ரெண்டாவது துண்டு ஆப்பிள் பை முழுங்கிட்டு. டெல், உன் வீட்டு போலீஸ்.”

லார்னா கீழே கிடந்த டயரின் மேல் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் நீர் வந்தது.

“என்னம்மா, சிலிண்டர் மாட்டிட்டியா?” டெல்லின் வாய் நிறைய பை.

“டெல், உன் வண்டியைத் தொடாத. அங்கேயே நிக்கட்டும். நீ ஊத்தினது பிரேக் ஆயில் இல்ல.”

“என்ன உளர்றே? பாட்டில்லயே போட்டிருக்கு.”

“உன் பாட்டில்லயா? விறகு மெஷின் எண்ணெயை எதுல ஊத்தி வெச்ச, டெல்?”

அந்தப் பக்கம் மெல்லுவது நின்றது. “நான்... அந்த வெள்ளை கேன்லதான்...” என்று ஆரம்பித்தான்.

“பரவால்ல, விடு. நான் ட்ரக்கை எடுத்துட்டு வரேன். நீ கடையை விட்டு நகராத.”

“லார்னா.”

“என்ன?”

“மேல வந்து சேந்தப்பவே சக்கரம் சூடா இருந்துச்சு. பாதிரியார் தெளிச்ச தண்ணி பிரேக் டிஸ்க்குல பட்டு சுர்ருன்னுச்சு. எல்லாரும் சிரிச்சோம். அப்புறம் ஆறினதும் நல்லாத்தான் சுத்துச்சு. எம்மெட் சொன்னான், ‘எதுக்கும் நீ என் வண்டியில வாப்பா, இதை நான் இறக்கறேன்’னு.”

“எப்ப போனான்?”

“கூட்டத்தோடயே போயிட்டான். நான் இன்னொரு துண்டு பை தின்னலாம்னு...”

ரிசீவர் சுவரில் மோதும் சத்தம் கேட்டது. கதவு அறைந்தது. எம்மெட்டின் வண்டி கிளம்பும் ஓசை அவளுக்குத் தெரியும். அது கிளம்பி, இறங்கி, தேய்ந்து போனது. லார்னா ஃபோனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. கடைக்குள் தட்டுகள் உரசின. யாரோ சர்க்கரை கேட்டார்கள். மேஜை மேல் கோப்பையில் அந்த மஞ்சள் வட்டம் அசையாமல் மிதந்தது.

கதவு மறுபடி திறந்தது. ஆம்பளைக் குரல் ஒன்று வேகவேகமாக என்னவோ சொன்னது. கடையில் பேச்சு நின்றுபோயிற்று.

“கண்ணு, லைன்லயா இருக்க?” என்றாள் பர்டி. அவள் குரல் மாறியிருந்தது. “ஃபோனை வெச்சுடு கண்ணு. கீழேருந்து ஏறி வந்த லாரிக்காரர் ஒருத்தர் நிக்கிறாரு. ஆம்புலன்ஸைக் கூப்பிடணுமாம்.”

லார்னா ஃபோனை வைத்தாள்.