மரூசிச்சின் இடது காது

வாரிக் ட்ரெலோரைப் பார்த்தால் கர்ரபீன் ஜனங்கள் குரைப்பார்கள். மீன் கடை வரிசையில் நின்றால் பின்னாலிருந்து மெல்ல ஒரு 'வள்'. பெட்ரோல் போட்டால் எதிர்த்த பம்பிலிருந்து இன்னொன்று. மகள் பள்ளிக்கூடம் சேர்ந்த முதல் வாரமே கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து, "அப்பா, நீ நிஜமாவே ஒரு ஆளைக் கடிச்சியா?" என்று கேட்டாள். அந்த மகளுக்கே இப்போது கல்யாணமாகிவிட்டது. 'கடிநாய்' என்ற பட்டப்பேர் மட்டும் போகவில்லை.

வாரிக் யாரையும் கடிக்கவில்லை.

கசாப்புக் கடையில் முழு மாட்டுத் தொடையைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்த பையன் வாரிக்கைத்தான் கர்ரபீன் ரக்பி கிளப் பிடித்துப் போட்டது. ஸ்க்ரம் என்றால் எட்டுப் பேரும் எட்டுப் பேரும் தலை கோத்துக்கொண்டு முட்டித் தள்ளுவது. அதில் முன்வரிசையின் வலது ஓரம் வாரிக்குடையது. இடது ஓரம் கிராண்ட் செஃப்டனுடையது. வாரிக் நான்கு முறை ஆஸ்திரேலியாவின் மஞ்சள் ஜெர்சியைப் போட்டுவிட்டார். செஃப்டன் நான்கு முறையும் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தான்.

பிரிட்டன் சுற்றுப்பயணத்துக்கு ஆள் எடுக்கும் முன் கடைசி ஆட்டம் பக்கத்து மாநிலத்து குவீன்ஸ்லாந்துக்காரர்களோடு. பந்து அடியில் கிடக்க, பத்துப் பேர் ஒருவர்மேல் ஒருவர் விழுந்த குவியல். அந்தக் குவியலுக்குள்ளிருந்து ஓர் அலறல். ஆன்டே மரூசிச் என்ற குவீன்ஸ்லாந்துக்காரன், பனைமரம் மாதிரி வளர்ந்தவன், இடது காதைப் பொத்திக்கொண்டு எழுந்தான். விரலிடுக்கில் ரத்தம். திரும்பிப் பார்த்தபோது எதிரே இருந்தது வாரிக்கின் முகம். கடித்தவன் அதற்குள் உருண்டு மறுபக்கம் போய்விட்டான். அவன் வாயைத் துடைத்ததை வாரிக் ஒருவர்தான் பார்த்தார்.

விசாரணை அறையில் மூன்று கிழவர்கள் கேட்டார்கள். "நீ இல்லைன்னா யாரு?"

சொந்த அணிக்காரனைக் காட்டிக்கொடுப்பவன் மறுபடி எந்த கிளப்பிலும் நிமிர்ந்து நின்று பீர் குடிக்க முடியாது. தப்புச் செய்தவன் தானே எழுந்து ஒத்துக்கொள்ள வேண்டும், அதுதான் முறை. வாரிக் செஃப்டனைப் பார்த்தார். செஃப்டன் தன் ஷூ கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்குத் தெரியாது" என்றார் வாரிக்.

வாரிக்கிற்கு ஆடத் தடை விழுந்தது. அவர் இடத்தில் செஃப்டன் விமானம் ஏறினான். பிரிட்டனில் பிரமாதமாக ஆடினான், பிறகு அணித்தலைவன் ஆனான், பிறகு டிவியில் வர்ணனை செய்து நாட்டையே சிரிக்க வைத்தான். வாரிக்கைத் தேர்வாளர்கள் அதற்குப் பிறகு திரும்பிப் பார்க்கவேயில்லை. அவர் கான்கிரீட் லாரி ஓட்டினார், கிளப் வாசலை மிதிக்கவில்லை, காத்திருந்தார்.

கிளப் செயலாளர் லொரெல் போன் செய்தபோது வாரிக்கிற்கு அறுபது நடந்துகொண்டிருந்தது.

"வாரிக், பழைய ஆட்டக்காரங்க தினத்துல நடக்கிற விளையாட்டுக் கோர்ட்டுக்கு இந்த வருஷம் நீங்கதான் ஜட்ஜ். வழக்கமா உட்கார்றவருக்கு இடுப்பு ஆபரேஷன். முன்வரிசையில ஆடின மூத்தவர்னா அடுத்தது நீங்கதான். மாட்டேன்னு சொல்லாதீங்க."

"அன்னிக்கு வேற என்ன விசேஷம்?"

லொரெல் தயங்கினாள். "மைதானத்துல ஜனங்க உட்கார்ந்து பார்க்கக் கட்டின புது ஸ்டாண்டுக்கு கிராண்ட் செஃப்டன் பேர் வைக்கிறோம். கோர்ட் முடிஞ்சதும் அவரே திரையை இழுக்கிறார்."

"வர்றேன்."

மனைவி நோலீன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். "அவனை அடிக்கப் போறியா?"

"இல்லை."

"அடிச்சாக்கூடப் பரவாயில்லை. நீ இப்படிச் சிரிக்கிறதைப் பார்த்தாத்தான் பயமா இருக்கு."

அடுத்த வாரமே வாரிக் லாரியை எடுத்துக்கொண்டு பிரிஸ்பேனுக்குப் போனார். மரூசிச் வழுக்கையும் தொந்தியுமாக, வீட்டுக்குப் பின்னால் வாழைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். தொப்பியை இடப்பக்கம் இழுத்துவிட்டிருந்தார்.

"தைரியம்தான்டா உனக்கு" என்றார். "மிச்சக் காதுக்கு வந்தியா?"

"நான் கடிக்கலை."

"உன் மூஞ்சியை நான் பார்த்தேன்."

"பார்த்தே. பல்லைப் பார்த்தியா?"

மரூசிச் குழாயை மூடினார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்" என்றார் வாரிக். "அந்தப் பல்லு காதுல இருந்தப்போ நீ ஏதாச்சும் பேசினியா?"

அந்தப் பெரிய மனிதரின் முகம் கழுத்துவரை சிவந்தது. "அதை நான் யார்கிட்டயும் சொன்னதில்லை. ஆம்பளை சொல்லிக்கிற விஷயமா அது?"

"சொல்லாதே. எங்கிட்டயும் சொல்லாதே. கடிச்சவனுக்கும் உனக்கும் மட்டும் தெரிஞ்சது அப்படியே இருக்கட்டும். பழைய ஆட்டக்காரங்க தினத்துக்கு வந்து ஒரு மூலையில உட்கார்ந்து காதால கேளு."

"கேட்டு, ஒண்ணும் வரலைன்னா?"

"அங்கேயே மேசைமேல ஏறி, நான்தான் கடிச்சேன்னு சொல்லிடறேன். அதுக்கப்புறம் என் வீட்டு வாசல்ல வந்து நீயும் குரை."

மரூசிச் தொப்பியை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டார். "பீர் உன் செலவு" என்றார்.

பழைய ஆட்டக்காரர்கள் தினத்தன்று மத்தியானம் ஆட்டம் முடிந்ததும் கிளப் கூடம் நிரம்பி வழிந்தது. சேறும் வியர்வையும் வலித்தைலமும் கலந்த வாடை. ஆளாளுக்குக் கையில் இறைச்சி அடைத்த பேஸ்ட்ரி. வாரிக் தரை துடைக்கும் மாப்பின் நூல் கற்றையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பீர் பெட்டிமேல் உட்கார்ந்தார். கர்ரபீன் கோர்ட்டின் சட்டம் எல்லோருக்கும் தெரியும்: குற்றத்தை ஒப்புக்கொண்டால் தண்டனை ஒரு கோப்பை பீர், மறுத்தால் இரண்டு. அதனால் அங்கே யாரும் மறுப்பதில்லை. குற்றம் என்னவென்று கேட்கும் முன்பே ஒப்புக்கொண்டு விடுவார்கள். இன்னொன்று, ஜட்ஜ் 'கலையலாம்' என்று சொல்கிறவரை தண்டனை பெற்றவனைத் தவிர ஒருவரும் கூடத்தை விட்டு நகரக்கூடாது.

பந்தைத் தவறவிட்டவன், மனைவியின் சாக்ஸைப் போட்டுக்கொண்டு வந்தவன் என்று நாலைந்து வழக்கு முடிந்தது.

"அடுத்து, கிராண்ட் செஃப்டன்" என்றார் வாரிக்.

கைதட்டல். செஃப்டன் நீலக் கோட்டும் வெள்ளைப் பல்லுமாக முன்னால் வந்தான். வயது அவனுக்கு இன்னும் மெருகேற்றியிருந்தது.

"குற்றம் என்னன்னா, குவீன்ஸ்லாந்துக்காரன் ஒருத்தன் காதைத் தின்னுட்டு, பழியை ஒரு அப்பாவி ஜட்ஜ் தலையில போட்டது."

கூடம் ஒரு கணம் மூச்சை நிறுத்தியது. அப்புறம் வெடித்துச் சிரித்தது. கடிநாய் கடைசியில் தன்னைத் தானே கிண்டல் பண்ணிக்கொள்கிறான், பழசை விட்டுவிட்டான் என்று எல்லோருக்கும் ஒரே நிம்மதி. எல்லோரையும்விட அதிக நிம்மதி செஃப்டன் முகத்தில்.

"ஒத்துக்கறேன் சாமி" என்று இரண்டு கையையும் தூக்கினான். ஒரு கோப்பையைக் கவிழ்த்தான்.

"ஒத்துக்கிட்டா போதாது. ருசி எப்படி இருந்தது?"

"தைலம் தடவின வாத்து மாதிரி. உப்பு கொஞ்சம் கம்மி."

சிரிப்பு. செஃப்டனுக்குச் சிரிப்பு என்றால் மற்றவர்களுக்குப் பீர் மாதிரி. ஒன்றோடு நிறுத்த முடியாது. வாரிக்கிற்கு அது தெரியும். இளமைக்காலம் முழுக்க அந்தத் தோளைக் கட்டிக்கொண்டு முட்டியவர் அவர். அவன் எந்தப் பக்கம் தள்ளினால் சாய்வான் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"வாத்து சும்மாவா இருந்தது?" என்று கேட்டார். "ஒண்ணும் சொல்லலையா?"

"சொல்லாம? கெஞ்சினான்யா." செஃப்டன் வர்ணனைக்குரலுக்கு வந்துவிட்டான். தலையைக் கோணி, கீச்சென்று குரலை மாற்றினான். "'ஐயோ, வர்ற சனிக்கிழமை எனக்குக் கல்யாணம், காதை விட்டுடு, வேணும்னா தோளைக் கடிச்சுக்கோ.' அவ்வளவு பெரிய உடம்பு, கோழிக்குஞ்சு மாதிரி கெஞ்சுது."

கூடம் வயிற்றைப் பிடித்துக்கொண்டது. சுவரோரம் ஒரு நாற்காலி மட்டும் கிரீச்சிட்டது. மரூசிச் எழுந்தார். எழுந்துகொண்டே இருந்தார், அவ்வளவு உயரம். தொப்பியைக் கழற்றினார். இடது காதில் மேல்பாதி இல்லை.

சிரிப்பு முன்வரிசையிலிருந்து பின்னால்வரை ஒவ்வொரு வாயாக அடங்கியது.

"அந்த வார்த்தைதான்" என்றார் மரூசிச். "ஒரு எழுத்துகூட மாறலை. கல்யாண போட்டோ முழுக்க நான் ஒரு பக்கமாத் திரும்பி நிக்கறேன்."

செஃப்டன் அவரை இப்போதுதான் அடையாளம் கண்டான். "மாப்ள, இது விளையாட்டு. கோர்ட்டுல எல்லாரும் ஒத்துக்கறதுதானே. நீதான் வாரிக்கிட்ட சொல்லி, அது சுத்தி எங்காதுல விழுந்திருக்கும்."

"அவன்கிட்ட நான் சொல்லலை. அவனே வந்து, சொல்லாதேன்னுட்டான். எம் பொண்டாட்டிக்கே தெரியாது. பல்லைக் காதுல வெச்சிருந்தவன் ஒருத்தனுக்குத்தான் கேட்டிருக்கும்."

 லொரெல் தட்டைக் கீழே வைத்தாள். செஃப்டன் ஆடிய காலத்தில் அவனோடு ஆடியவர்கள் ஐந்தாறு பேர் அங்கே இருந்தார்கள். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

"வாரிக்" என்றான் செஃப்டன் தாழ்ந்த குரலில். "நீ அப்போ வாயைத் திறந்திருக்கலாமே. நானா தடுத்தேன்?"

"வாயைத் திறக்க வேண்டியவன் நான் இல்லை. இவ்வளவு நாள் உனக்குக் கொடுத்தேன். இன்னிக்குத் திறந்துட்டே."

"சரி, மன்னிச்சுக்கோ. போதுமா? மைக்குல சொல்லவா? டிவியில சொல்லவா? சொல்லு, செய்யறேன்."

"மன்னிக்கிறதுக்கு நான் வரலை. தீர்ப்புச் சொல்ல வந்தேன்." வாரிக் நூல் கற்றையைத் தலையில் சரியாக வைத்துக்கொண்டார். "நீ வெளியே போய் உன் ஸ்டாண்டைத் திறந்து வை. நாலு மணிக்குத் திரையை இழுக்கணும்னு போட்டிருக்கு, மணி ஆச்சு. போ."

செஃப்டன் வாசலை நோக்கி நடந்தான். பழக்கத்தில் சிலர் பின்னாலேயே எழுந்தார்கள்.

"கோர்ட் இன்னும் கலையலை" என்றார் வாரிக்.

எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள்.

ஜன்னல் வழியாக மைதானம் முழுசாகத் தெரிந்தது. கோடைக்கு முந்தைய நல்ல வெயில். புதுப் பெயிண்ட் அடித்த ஸ்டாண்டில் வரிசை வரிசையாகக் காலி நாற்காலிகள். திரைக்குப் பக்கத்தில் செஃப்டனின் மனைவி தொப்பியைப் பிடித்துக்கொண்டு, கூட்டம் எங்கே என்று கிளப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளூர்ப் பத்திரிகை போட்டோக்காரன் ஒருவன். செஃப்டன் அவளிடம் ஏதோ சொன்னான். அவள் திருப்பி ஏதோ கேட்டாள்.  அவன் திரைக் கயிற்றை இழுத்தான், பாதியில் சிக்கியது. மறுபடி இழுத்தான். தன் பேர் தங்க எழுத்தில் தலைக்கு மேலே வந்ததும் அவன் கைகள் தானாக உயர்ந்தன, கும்பலுக்கு ஆட்டுவதற்கு. ஆட்ட யாரும் இல்லை. கைகளைக் கீழே விட்டான். போட்டோக்காரன் ஒரு படம் எடுத்தான், பிறகு கேமராவைப் பைக்குள் வைத்தான்.

மரூசிச் வாரிக் பக்கத்தில் வந்து நின்றார். "கலைச்சுடலாமா? பாவம், அவன் பொண்டாட்டி அழறா போலிருக்கு."

"எம் பொண்ணும் அழுதா."

வாரிக் தன் கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தார். ஸ்டாண்டின் கீழே செஃப்டன் கிளப்புக்கு வருவதா, காருக்குப் போவதா என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தான். வாரிக் பீர் பெட்டியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, வசதியாக உட்கார்ந்தார்.

"அவசரமில்லை" என்றார்.