எழுந்து நிற்க வந்தவள்

செருப்பை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். முந்தானையைத் தலையில் போட்டுக்கொள்ள வேண்டும். பொம்பளைகள் இடது பக்கம், ஆம்பளைகள் வலது பக்கம். எல்லாரும் எழுந்தால் எழ வேண்டும், உட்கார்ந்தால் உட்கார வேண்டும். அப்பம் வாங்க வரிசை போகும்போது மட்டும் கூடப் போகக் கூடாது, அது சபையில் சேர்ந்தவர்களுக்கு. மம்சாபுரத்துக்குத் தடுப்பூசி போட வரும் நர்ஸ் யுவராணி இவ்வளவையும் விரல் மடக்கிச் சொல்லிக்கொடுத்தாள். யுவராணி பிறவியிலேயே வேதக்காரி, கிறிஸ்தவள்; ஆனால் அவள் போவது ராஜபாளையம் கோயிலுக்கு இல்லை, சேத்தூரில் வேறு சபை. கருத்தம்மா பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி ஒரு வாரமாக அதையே மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொட்டை அழிச்சிட்டுப் போவணுமா?"

"எதுக்குக்கா? உங்க பொட்டு யாரை என்ன செய்யுது? சும்மா போங்க. இந்த வருசம் செத்தவுக பேரைப் போதகர் ஐயா ஒண்ணொண்ணா வாசிப்பாரு. பேருக்கு ஒரு மெழுகுவர்த்தி. அவிய சொந்தக்காரங்க எந்திரிச்சு நிப்பாக. அம்புட்டுதான்."

அந்த அம்புட்டுக்காகத்தான் கருத்தம்மா போகிறாள்.

மகள் ஆனந்தவல்லி ராஜபாளையத்து எட்வினோடு போனபோது, அவள் அப்பா கண்ணுச்சாமி கிணற்றடியில் நின்று தலை முழுகினார். இருபது வருஷம் பட்டாளத்தில் இருந்த மனுஷன், எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டார். உயிரோடு இருந்த மகளுக்குச் செத்தவளுக்குச் செய்கிறதையெல்லாம் செய்து முடித்தார். கருத்தம்மா தலையிலும் அவரே குடம் குடமாக ஊற்றினார். இரண்டு வருஷம் கழித்து, போன பங்குனியில், ஆனந்தவல்லி மூன்று நாள் காய்ச்சலில் நிஜமாகவே செத்துப்போனாள். போன் வந்தபோது கண்ணுச்சாமி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அவளுக்குத்தான் எப்பவோ தலை முழுகியாச்சே," என்று சொல்லிவிட்டு ரசம் கேட்டார்.

கருத்தம்மா ரசம் ஊற்றினாள். அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குத் தன் கையை வெட்டிப்போடலாம் போலிருக்கும். கேதத்துக்குப் போகவில்லை, முகம் பார்க்கவில்லை, வாய்விட்டு ஒரு குரல் அழவில்லை. அழுதால் தெருவுக்குக் கேட்கும், தெருவுக்குக் கேட்டால் அவருக்கு மானம் போகும். பெற்ற வயிற்றுக்கு நேர்ந்ததைப் பற்றி அந்த வீட்டில் யாருக்கும் கவலையில்லை. ஆகவே ஒரே ஒரு தடவை, நாலு பேர் பார்க்க, இவள் என் மகள் என்று எழுந்து நிற்க வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

நவம்பர் முதல் ஞாயிறு. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலுக்கு என்று வீட்டில் ஒரு பொய் சொல்லிவிட்டு, ராஜபாளையம் பஸ் ஏறினாள்.

வேதக்கோயிலுக்குள் யாரும் அவளை முறைக்கவில்லை. கடைசிப் பெஞ்சில் ஒரு கல்லூரிப் பெண் நகர்ந்து இடம் கொடுத்து, பாட்டுப் புத்தகத்தில் பக்கத்தை எடுத்து நீட்டினாள். எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் பாட்டு மூன்று அடி தாண்டிப் போய்விட்டது. எழுந்தார்கள், எழுந்தாள். உட்கார்ந்தார்கள், உட்கார்ந்தாள். ஆம்பளைகள் பக்கம் எட்வின் தலை தெரிகிறதா என்று பார்த்தாள். இல்லை. பெண்டாட்டியை மண்ணில் வைத்த கையோடு துபாய்க்கு வேலைக்குப் போய்விட்டான் என்று யுவராணி சொன்னது நிஜம்தான். அப்படியானால் ஆனந்தவல்லிக்கு நிற்க நான் ஒருத்திதான் என்று நினைத்தபோது அவளுக்குத் துக்கத்தோடு கொஞ்சம் கர்வமும் வந்தது.

பிரசங்கம் முடிந்து போதகர் ஒரு தாளை எடுத்தார். கருத்தம்மா முன்பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

அப்பன் பேர், ஊர்ப் பேர் எதுவும் இல்லாமல் வெறும் பேரை மட்டும் வாசித்தார். "சாமுவேல்." ஒரு குடும்பமே எழுந்தது. "தங்கபாக்கியம்." நாலைந்து பேர். ஒவ்வொரு பேருக்கும் ஒரு மெழுகுவர்த்தி, சற்று நேரம் மௌனம். கருத்தம்மாவின் முழங்கால் எழுந்துவிடத் துடித்தது. இன்னும் இல்லை, இன்னும் இல்லை என்று அடக்கினாள்.

"எஸ்தர்."

முன்வரிசையில் வெள்ளைச் சேலை கட்டிய ஒரு பொம்பளை மட்டும் தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அவள் சுற்றுமுற்றும் திரும்பிப் பார்த்தாள், வேறு யாராவது எழுகிறார்களா என்று. யாரும் எழவில்லை. யார் பெற்ற பிள்ளையோ, நிற்கக்கூட நாதியில்லை என்று கருத்தம்மா உச்சுக்கொட்டினாள்.

பிறகும் ஆறேழு பெயர்கள் வந்தன, ஆனந்தவல்லி வரவில்லை. போதகர் தாளை மடித்தார்.

இடையில் நிறுத்தியிருப்பார் என்று அவள் நினைத்தாள். அப்பத்துக்கு வரிசை போனது, யுவராணி சொன்னபடி அவள் அசையாமல் இருந்தாள். வரிசை திரும்பி வந்தது. கடைசிப் பாட்டுக்கு எல்லாரும் எழுந்தார்கள், அவளும் எழுந்தாள். எல்லாரும் நிற்கும்போது நிற்பதில் என்ன இருக்கிறது?

வாசலில் போதகர் ஒவ்வொருவருக்கும் கைகொடுத்துக்கொண்டிருந்தார். கருத்தம்மா கையை நீட்டவில்லை.

"எம்மவ பேரை ஏன்யா வாசிக்கல? நீங்களும் அவளைத் தலை முழுகிட்டீகளா?"

போதகர் திகைத்தார். "யாரும்மா உங்க மக?"

"ஆனந்தவல்லி. இந்த ஊரு எட்வின் கட்டுன புள்ள."

அவர் முகம் மாறியது. குரலைத் தணித்துக்கொண்டார்.

"வாசிச்சேனேம்மா. ஞானஸ்நானத்துல அவங்களே விரும்பி வச்சுக்கிட்ட பேரு எஸ்தர். இங்க எல்லாருக்கும் அவங்க எஸ்தர்தான். எட்வினோட அம்மா பிரிஸ்கில்லா எந்திரிச்சு நின்னாங்களே, நீங்க பார்க்கலையா?"

பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். யுவராணி, யுவராணியாகவேதான் வேதத்தில் இருக்கிறாள். ஆனந்தவல்லிக்கு மட்டும் வேறு பேர் இருக்கும் என்று யுவராணிக்கோ கருத்தம்மாவுக்கோ தோன்றவில்லை.

"உள்ள வாங்கம்மா, இன்னொரு தடவை வாசிக்கிறேன்," என்றார் போதகர். உள்ளே ஆலயப் பணியாள் மெழுகுவர்த்திகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருந்தார். பெஞ்சுகள் காலி.

"ஆளில்லாத எடத்துல யாருக்குய்யா எந்திரிக்க?"

பிரிஸ்கில்லா கேட்டுக்குப் பக்கத்தில் ஆட்டோவில் ஏறிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். என்ன சொல்லிக் கூப்பிடுவது? அவள் எழுந்தாள், நான் உட்கார்ந்திருந்தேன், உச்சுக்கொட்டிக்கொண்டு. ஆட்டோ போகிறவரைக்கும் கருத்தம்மா செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்தே இருந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது கண்ணுச்சாமி வாசலில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, சாமி கும்பிட்டியா?"

"இல்ல," என்றாள் கருத்தம்மா. "உக்காந்திருந்துட்டு வாரேன்."