ஆள் வந்தாச்சு

ஃபான் ராங் ஊரில் திராட்சை காய்க்காத வீடு எங்களுடையதுதான். என் கணவர் தியெப், ஓர் இலையைக்கூடக் கிள்ளவிடாமல் இரண்டு வருடம் அந்தக் கொடியைச் சீராட்டினார். ஒருநாள் பக்கத்து வீட்டு ஹுவே அக்காவின் ஆடு, இவருடைய மோட்டார் சைக்கிள் சீட்டில் ஏறி நின்று, பந்தலிலிருந்த தழையையும் இளங்கொம்பையும் மொட்டையாக மேய்ந்துவிட்டது.

"ஆடு வளக்குறீங்களா, அரக்கன வளக்குறீங்களாக்கா?" என்று இவர் தெருவே கேட்கக் கத்தினார்.

நாலே வாரத்தில் கொடி முழுக்கப் பூங்கொத்து.

"தழைய உருவினாத்தான் காய்க்கும்னு ஆட்டுக்குத் தெரிஞ்சிருக்கு," என்றேன்.

பழுத்ததும் முதல் குலையை இவரே அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

மறுநாள் காலை அக்கா ஆட்டோடு வாசலில் நின்றாள்.

"தம்பி, அடுத்த காய்ப்புக்கு ஆள் வந்தாச்சு. வண்டியப் பந்தலுக்குக் கீழ நிறுத்து."