கோழிக்குக் கொடுத்த நடை

விருது விழாவுக்குச் சின்னம்மாவைக் கூட்டிக்கொண்டு போ என்று அம்மா சொன்னதும் வேறு யாரும் இல்லையா என்று மிதுனா கேட்டாள். அம்மாவுக்குக் காய்ச்சல். ஓர் அழைப்பிதழ் வீணாகப் போவானேன் என்பது அவருடைய எண்ணம். மறுப்பதற்குச் சொல்லக்கூடிய காரணம் எதுவும் மிதுனாவிடம் இல்லை. அம்மாவின் தங்கை யோகேஸ்வரிச் சின்னம்மா அதற்குள் பச்சைச் சேலையை அயர்ன் பண்ணத் தொடங்கியிருந்தார்.

மிதுனா வெள்ளவத்தையில் ஒரு சின்ன ஸ்டூடியோவில் அனிமேஷன் செய்பவள். வெளிநாட்டுத் தொலைக்காட்சிச் சனல் ஒன்றுக்காக அவர்கள் செய்த சிறுவர் தொடரில் ஒரு கோழி வரும். தட்டு நிறைய முட்டையோடு நடந்துவந்து, போகிற வழியில் இருப்பதையெல்லாம் தட்டி விழுத்தும். அதற்கு எந்த நடையைப் போட்டாலும் சிரிப்பு வரவில்லை. ஒருநாள் புதுப் போனின் கமராவைப் பார்க்கிறேன் என்று சொல்லி, குசினியிலிருந்து தேத்தண்ணியோடு வந்த சின்னம்மாவை வீடியோ எடுத்தாள். சின்ன வயதில் போலியோ வந்த கால் அது. வலது பாதம் தரையில் அரைவட்டம் போட்டு இழுபடும். இடது கை துடுப்புப் போல வெளியே போய்வரும். அதை அப்படியே கோழிக்குக் கொடுத்தாள். கூட வேலை செய்யும் ரிப்கான் கதிரையில் சாய்ந்து வயிறு நோகச் சிரித்தான். அது யாருடைய நடை என்று அவன் கேட்கவில்லை. வீட்டிலும் அந்தத் தொடரை யாரும் பார்த்ததில்லை.

கொள்ளுப்பிட்டி ஹோட்டல் மண்டபத்தில் முன்வரிசைக்குப் பின்னால் இடம் கிடைத்தது. பரிந்துரைக்கப்பட்ட படங்களின் துண்டுகளைப் பெரிய திரையில் போட்டார்கள். கோழி வந்தது. மண்டபமே சிரித்தது. சின்னம்மாவும் வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு சிரித்தார். கோழி இரண்டாம் முறை திரும்பி நடந்தபோது அவருடைய கை மெல்லக் கீழே இறங்கியது. மிதுனா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் திரும்ப அவளுக்குத் துணிவில்லை.

சிறந்த பாத்திர அசைவுக்கான விருது அவளுக்குத்தான் கிடைத்தது. மேடையில் அறிவிப்பாளர் அந்த நடையை எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டார். வெள்ளவத்தை மார்க்கெட்டில் சனங்களைப் பார்த்து என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள். கைதட்டினார்கள்.

இருக்கைக்குத் திரும்பியதும் சின்னம்மா விருதை வாங்கி மடியில் வைத்துப் பார்த்தார்.

"மார்க்கெட்டில ஆரைப் பாத்தனீ?"

"உங்களைத்தான் சின்னம்மா. கேட்டிருக்கவேணும். கேட்டால் நீங்கள் வேண்டாமெண்டு சொல்லுவியள் எண்டு பயந்தனான்."

"நல்லாத்தான் செய்திருக்கிறாய். தோள் ஆடுறதும் அப்படியே இருக்கு." மடியில் இருந்த விருதைத் திருப்பினார். "எல்லாரும் சிரிக்கேக்க நானும் சிரிச்சனான். பிறகுதான் விளங்கிச்சுது."

விழா முடிந்து எல்லாரும் எழுந்தார்கள். சின்னம்மா எழும்பவில்லை. சனம் போகட்டும் என்றார். ரிப்கான் படம் எடுக்கக் கூப்பிட்டான். வரவில்லை என்று மிதுனா கையசைத்தாள். மன்னிச்சுக்கொள்ளுங்கோ என்று சொல்ல இரண்டு தரம் வாயெடுத்தாள். இரண்டு தரமும் சின்னம்மா விருதின் அடியில் பொறித்திருந்த மிதுனாவின் பெயரைத் துடைத்துக்கொண்டிருந்தார். பணியாட்கள் கதிரைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு அவர்களுடைய வரிசைக்குக் கிட்ட வந்துவிட்டார்கள். அதன் பிறகுதான் முன்கதிரையைப் பிடித்துக்கொண்டு அவர் எழும்பினார். மிதுனா தாங்கக் கை நீட்டினாள். அந்தக் கையில் அவர் விருதைத்தான் வைத்தார்.

"நீ முன்னுக்குப் போ. பின்னுக்கு நிண்டு பாக்காதை."

மிதுனா முன்னால் நடந்தாள். பளிங்குத் தரையில் பாதம் இழுபடும் சத்தம் பின்னால் வந்தது, நின்றது, மறுபடி வந்தது. வாசல்வரைக்கும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை.